முதலில் சாப்பிட்ட அம்மா

என் பிள்ளைகள் இருவருக்கும், இன்று நம் வீட்டுக்கு வந்திருக்கும் உறவினர், நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கம். உங்கள் அம்மா நம்மை விட்டுப் போய் ஒரு வருஷம் நிறைகிறது. நினைவு மலருக்குக் கட்டுரை எழுத வாத்தியார் யாரையாவது கேட்கலாம் என்று பெரியவள் சொன்னாள். நான் ஐந்தாவதோடு நின்றவன். மூட்டை தூக்கிய கைக்கு எழுத்து நேராக வராது. ஆனாலும் இதை நான்தான் எழுத வேண்டும். என்னைத் தவிர இன்னும் ஒருவனுக்கு மட்டுமே தெரிந்த ஒரு விஷயம் இதில் இருக்கிறது.

அம்மா பிறந்தது காட்டுப்பள்ளியில். எண்ணூரில் தோணி ஏறிப் போக வேண்டும். வலை இழுக்கும் குடும்பம், ஐந்து பெண்களில் இவர் நாலாவது. மீன் படாத நாளில் எதைக் கொண்டு வயிற்றை நிரப்புவது என்பதை அந்த வீட்டில் சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டார். என்னைக் கட்டிக்கொண்டு கொருக்குப்பேட்டைக்கு வந்தபோது எங்களுக்குத் தண்டவாளத்தை ஒட்டி ஓட்டு வீட்டில் ஒரு அறை, அதற்குள்ளேயே அடுப்பு. நான் துறைமுகத்துக் கிடங்கில் சுமை கூலி. கப்பல் வந்தால் கூலி உண்டு, வராவிட்டால் இல்லை.

யுத்தம் வந்தது, ரேஷன் அரிசியும் வந்தது. கல்லும் குருணையுமாக இருக்கும். அம்மா அதை முறத்தில் புடைத்து, முழு அரிசியைச் சோற்றுக்கும் குருணையைக் கஞ்சிக்கும் பிரிப்பார். உலையில் போடும் முன் ஒரு பிடி அள்ளித் தனிப் பானையில் போட்டுவிடுவார். எவ்வளவு கஷ்டமான நாளிலும் அந்தப் பிடி தவறியதில்லை. அரிசி கழுவிய தண்ணீர் எதிர்வீட்டு ராஜம்மாவின் எருமைக்குப் போகும், அங்கிருந்து சாணம் வரும். ரயில் பாதை ஓரம் கிடக்கும் கரித்தூளைச் சாணத்தோடு பிசைந்து உருட்டிக் காய வைத்தால் ஒரு வாரத்துக்கு அடுப்பெரியும். ஒருமுறை கரைத்த புளியை மறுமுறை கரைத்து ரசம் வைப்பார். அதற்குப் பிறகும் சக்கையை எறிய மாட்டார், செம்பு துலக்க வேண்டுமே. மீன் வறுத்த சட்டியை அப்படியே கழுவ விடமாட்டார். அந்த எண்ணெய்ப் பசையில் சூடான சோற்றைப் போட்டுப் பிரட்டி, பெரியவளுக்கு ஒரு உருண்டை, பையனுக்கு ஒரு உருண்டை. இப்படி மிச்சம் பிடித்துத்தான் பெரியவளை எட்டாவது வரை படிக்க வைத்தார். என் கூலியில் அது நடந்திருக்காது.

பையன் என்று எழுதியது உன்னை இல்லை, சின்னவனே. உனக்கு முன்னால் பிறந்த உன் அண்ணன். மூன்று வயது வரை இருந்தான்.

அவனுக்கு மூன்று வயது நடந்த வருஷம், மழைக்கு முன்னால் ஒரு நாள் அம்மா என்னிடம் சொன்னார்:

“இந்தாய்யா, பிடி அரிசியும் குருணையும் சேர்ந்துகினே போவுது. மாவா அரைச்சு வச்சா மழைக்கு ஆவும். பானைல வச்சா புழு வுழுது. மூடி இறுக்கமா டின்னு ஒண்ணு கெடைச்சா கொண்டாயேன்.”

கிடங்கின் பின்பக்கம் காலி டின்கள் குவிந்து கிடக்கும். எடுத்துப் போகக் கூடாது. நான் நல்லதாக ஒன்று பார்த்து, கடல் தண்ணீரில் அலசி, துண்டில் சுற்றிக் கேட்டைத் தாண்டி வந்துவிட்டேன். மேலே ஒட்டியிருந்த சீட்டு கிழிந்திருந்தது. உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.

அம்மா மோந்து பார்த்தார். “இதுல இன்னாய்யா இருந்துச்சு? ஒரு மாதிரி வாடை வருது?”

“பிஸ்கட்டு டின்னுமே. வெள்ளக்காரன் பிஸ்கட்டு, அப்டித்தான் கீது.”

“ஆமா, இவரு தெனம் பிஸ்கட்டு துன்றவரு. மூஞ்சப் பாரு!” என்று சிரித்தார்.

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கேட்டதைக் கொண்டுவந்து கொடுத்த பெருமையில் இருந்தேன். அம்மா டின்னைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, அரைத்த மாவைக் கொட்டி மூடினார்.

முதல் வாரம் ஒன்றும் ஆகவில்லை. மேல் மாவு தீர்ந்து அடிமாவு வந்த அன்று, நான் வேலைக்குப் போயிருந்தபோது, கூழ் காய்ச்சி, மூன்று நாளாகச் சுடவைத்து வைத்திருந்த நெத்திலிக் குழம்பை ஊற்றிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். பெரியவளுக்குக் கூழ் பிடிக்காது, நாலு வாய்தான் குடித்தாள். பையன் கிண்ணம் நிறையக் குடித்துவிட்டு இன்னும் கேட்டான். பிள்ளைகள் வயிறு நிறைந்த பிறகு சாப்பிடுவதுதான் அம்மாவின் வழக்கம். அன்று சட்டியில் மிஞ்சிய ஒரு கரண்டியைத்தான் அவர் குடித்தார். மூன்று பேருக்கும் வாந்தி. எனக்கு ஆள் வந்து சொல்லி நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது பையனுக்கு நினைவில்லை. மறுநாள் விடியும்போது போய்விட்டான்.

என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதற்கு அம்மா தானாகவே அந்த நெத்திலிக் குழம்பைச் சொன்னார். கெட்டுப்போன மீன் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். பிணத்தை வீட்டில் கிடத்தியிருக்கும்போது என் அக்கா, உங்கள் அத்தை, நடுக்கூட்டத்தில் கேட்டார்:

“மூணு நாளு கொழம்ப புள்ளைக்கு ஊத்தினியே, நீ மொதல்ல துன்னு பாத்தியாடி? காசு மிச்சம் புடிக்கிறேன்னு புள்ளைய வாரிக் குடுத்துட்டியே!”



ஒரு வாரம் கழித்து நான் வேலைக்குப் போனேன். கூட மூட்டை தூக்கும் மாரியிடம் அந்த டின்னைப் பற்றிப் பேச்சு வந்தது. அவன் முகம் மாறிவிட்டது.

“பின்பக்கம் கெடந்ததையா எட்த்துகினு போன? எலி மருந்து வச்சிருந்த டின்னுடா அது! யார்ட்டயும் மூச்சு வுடாத. தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் வேலை பூடும், போலீசு வரும்.”

வீட்டுக்கு வந்து, யாரும் இல்லாதபோது டின்னின் அடிமடிப்பை ஆணியால் சுரண்டினேன். வெள்ளையாகக் கட்டி கட்டியாக உதிர்ந்தது. டின்னைக் கொண்டுபோய்க் கால்வாயில் எறிந்தேன். டின் எங்கே என்று அம்மா கேட்டார். அதைப் பார்த்தால் பையன் ஞாபகம் வருகிறது, எறிந்துவிட்டேன் என்றேன். அவர் அதை நம்பினார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

வேலை போகும் என்ற பயம் முதலில் இருந்தது. பிறகு வேலை நிலைத்தது, பயம் போனது. அப்போதும் நான் சொல்லவில்லை. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது என்பதே புதுப் பயமாக வந்து உட்கார்ந்துகொண்டது.

அன்றிலிருந்துதான் அம்மா நம் வீட்டில் முதலில் சாப்பிட ஆரம்பித்தார். உங்களுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். சமைத்து இறக்கியதும் எல்லாவற்றிலும் எடுத்துத் தான் சாப்பிட்டுவிட்டு, கதவோரம் உட்கார்ந்திருப்பார். ஒரு கூட்ஸ் வண்டி போய் அடுத்த வண்டி வரும் வரைக்கும் நம் யாருக்கும் தட்டு வைக்க மாட்டார். சோறு ஆறிவிடும். பெரியவள் முனகுவாள். சின்னவன், “எங்கம்மாவுக்குத்தான் எப்பவும் மொதப் பந்தி” என்று சிநேகிதர்களிடம் கேலி பேசுவான். அத்தை வந்தால், “புருசன் வர்றதுக்குள்ள கொட்டிக்கினியா? நல்லா கீதும்மே உன் நாயம்” என்பார்.

“இன்னா பண்றது அண்ணி, எனக்குப் பசி தாங்காது” என்று அம்மா சிரித்து மழுப்புவார்.

பசி தாங்காதவர் இல்லை, பிள்ளைகளே. தன் வயிற்றில் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் உங்களுக்குப் போட்டார். முதல் நாள் குழம்பை உங்கள் தட்டில் காட்டவே மாட்டார். அதை எறியவும் மனம் வராது, தானே ஊற்றிக்கொள்வார். அந்தப் பன்னிரண்டு வருஷமும் நான் எதிரில் உட்கார்ந்து, அவர் விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அவருக்கு வயிற்றிலேயே வியாதி வந்தது. ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்தார். ஒரு மத்தியானம் ராஜம்மா கஞ்சி கொண்டுவந்தார். அம்மாவால் குடிக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்திருந்த சின்னவன், “பசிக்குது, நான் குடிக்கட்டாம்மா?” என்றான்.

“இருடா கண்ணு. நான் மொதல்ல.”

எழுந்து உட்கார முடியாதவர், என்னைத் தலையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி ஒரு வாய் குடித்தார். அதை விழுங்க எவ்வளவு நேரம் பிடித்தது என்று நான் பார்த்தேன். பிறகு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார், கிண்ணத்தை மட்டும் விடவில்லை. அவர் தலை என் கையில் இருந்தது. காதில் சொல்ல வேண்டிய தூரம்தான். இதை விட்டால் இல்லை என்று தெரிந்தும் எனக்கு வாய் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “இப்ப குடி” என்று கிண்ணத்தைச் சின்னவனிடம் நீட்டினார். மூன்றாம் நாள் காலையில் போய்விட்டார். பையனைத் தானே கொன்றோம் என்ற நினைப்போடுதான் போனார்.

அம்மாவின் வியாதியில் கூடவே இருந்த ராஜம்மாவுக்கும், தூக்கிச் சென்ற தெருக்காரப் பிள்ளைகளுக்கும், கடைசிக் காரியத்துக்கு அலைந்த மாரிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இதை எழுதுவதாக மாரியிடம் முன்பே சொல்லிவிட்டேன். “எழுது” என்றான். நான் எழுதியதில் பிழை திருத்தி அச்சடித்த யானைக்கவுனி அச்சகத்தாருக்கும் நன்றி. இதைப் படித்துவிட்டு, இதையும் போடவா என்று இரண்டு தடவை கேட்டார்கள். போடுங்கள் என்றேன்.

அக்கா, உனக்குப் படிக்கத் தெரியாது. பெரியவளை உன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன். உன் மேல் தப்பில்லை, நீ தெரியாமல் பேசினாய். தெரிந்தவன் நான் பேசாமல் இருந்தேன்.

பிள்ளைகளே, உங்கள் அம்மா சமைத்த எதையும் நீங்கள் பயப்படாமல் சாப்பிட்டிருக்கலாம். இனி நம் சொந்தத்தில் யாராவது அந்த நெத்திலிக் குழம்புப் பேச்சை எடுத்தால், அது குழம்பு இல்லை, நைனா கொண்டுவந்த டின் என்று சொல்லுங்கள். நான் அங்கே இருந்தால், என் முன்னாலேயே சொல்லுங்கள்.