இசக்கிசெல்வி பார்க்கப் போன மீன் வண்டி

உடன்குடி இசக்கிசெல்விக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்பது தெருவுக்கே தெரியும். தெரியாததுபோல இருந்தவர் அவள் கணவர் பாண்டியராஜன் ஒருவர்தான். பலசரக்குக் கடைக்காரர். கடைக்கு ஒரு பல்பு மாற்றவே யோசிக்கிற மனுசன்.

அவளுக்குக் கருப்பட்டி வியாபாரம். வாடகை வண்டியில்தான் தூத்துக்குடிக் கடைகளுக்குச் சரக்கு போகும். போன ஐப்பசியில் வண்டிக்காரன் தார்ப்பாய் போடாமல் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டான். பெய்த மழையில் கருப்பட்டி பாகாக வழிந்தது. அன்றைக்கு அழுதவள், அடுத்த வாரமே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள்.

லைசென்ஸ் கைக்கு வந்ததும், தூத்துக்குடியில் இஞ்ஞாசி என்பவர் தன் டீசல் பிக்கப் வண்டியை விற்கப்போகிற சேதி வந்தது.

"மூணு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடுனதா? அதுக்குப் பென்சன்லா குடுக்கணும்" என்றார் பாண்டியராஜன். ஆனாலும் கூடவே கிளம்பினார்.

"நாங்க வாரதுக்கு முன்னால ஸ்டார்ட் பண்ணிராதிய அண்ணாச்சி, ஆறுன இன்ஜின்லதான் கோளாறு தெரியும்" என்று இஞ்ஞாசியிடம் போனில் சொல்லியிருந்தாள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பினாள். கொஞ்சம் கரும்புகையைத் துப்பிவிட்டு இன்ஜின் சீராக உறுமியது. இஞ்ஞாசியைப் பக்கத்தில் வைத்துத் திருச்செந்தூர் ரோட்டில் ஒரு சுற்றுப் போய் வந்தாள். ரெண்டாவது கியர் மட்டும் முரண்டு பிடித்தது. இறங்கும்போது முகமெல்லாம் சிரிப்பு.

பிறகு பின்னால் ஏறி, லோடு வைக்கிற பாடியில் மண்டியிட்டு மோந்து பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

"மீன் வாடை அண்ணாச்சி. கருப்பட்டி பக்கத்துல வெங்காயம் இருந்தாலே வாசம் பிடிச்சிரும்."

"வாங்குன நாள்லேருந்து மீன்தான் ஏத்துனேன். பொய் சொல்ல மாட்டேன் தங்கச்சி" என்றார் இஞ்ஞாசி. "ஐஸ் தண்ணி வடிஞ்சு துருவும் இருக்கு. அடியிலயும் பாத்துருங்க."

யாரும் எதிர்பார்க்கவில்லை. பாண்டியராஜன் தோள் துண்டைத் தரையில் விரித்து, செல்போன் லைட்டோடு வண்டிக்கடியில் நுழைந்துவிட்டார். வெளியே பாதம் ரெண்டும்தான் தெரிந்தது. உள்ளேயிருந்து டொக் டொக்கென்று தட்டுகிற சத்தம். வெகுநேரம் கழித்து வெளியே வந்தபோது வேட்டியெல்லாம் கிரீஸ்.

"ஏளா, அடிச்சட்டம், அதான் சேஸ், உறுதியா இருக்கு. துரு பூரா பாடியிலதான். அதக் கழட்டிட்டுப் புதுசு கட்டுவோம். இன்ஜினுக்கு ஏது மீன் வாடை?"

"ஒங்களுக்கு சேஸ் பத்தி என்ன தெரியும்?"

"ஒரு வாரமா போன்ல அதத்தான பாக்கேன்." வேட்டிக் கறையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "தனியா ஓட்டப் போறவ நீயில்லா."

இசக்கிசெல்வி அவர் தலைமுடியில் ஒட்டியிருந்த துருத் தூளைத் தட்டிவிட்டாள். "சரி அண்ணாச்சி, எடுத்துக்கிடுதோம்" என்றாள் இஞ்ஞாசியிடம்.

கியரைச் சரிசெய்து, பழைய பாடியைக் கழற்றிப் புதுத் தகட்டில் பாடி கட்டி வாங்கினார்கள். முதல் லோடு கிளம்பிய காலையில் பாண்டியராஜன் கடையைப் பூட்டிவிட்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டார். திருச்செந்தூர் வரைக்கும் டேஷ்போர்டைப் பிடித்த கையை எடுக்கவில்லை. எதிரே பஸ் வரும்போதெல்லாம் இல்லாத பிரேக்கை மிதித்தார்.

"மெதுவா போளா."

"மெதுவாத்தான் போறேன்."

ஆறுமுகநேரி தாண்டும்போது பக்கத்தில் பேச்சையே காணோம். திரும்பிப் பார்த்தாள். மனுசன் வாயைப் பிளந்து குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். இசக்கிசெல்வி ஹாரன் அடிக்காமலே ஓட்டினாள்.