கச்சபேசன் தூக்கிக் காட்டிய இடக்கை

கச்சபேசன் இறந்துவிட்டான் என்று அவனுடைய மருமகன் போன் செய்தபோது நான் இரண்டாவது இட்லியில் இருந்தேன். "மாமா, எங்க மாமா காலைல போயிட்டாரு. தூக்கத்துலயே" என்றார். மூன்றாவது இட்லி இறங்கவில்லை. ஆனால் உண்மையைச் சொல்வதென்று எழுத உட்கார்ந்திருக்கிறேன், சொல்லிவிடுகிறேன். துக்கம் வருவதற்கு முன்பே இன்னொன்று வந்துவிட்டது. திரும்பிக் காலண்டரைப் பார்த்தேன். பிரதோஷம். ஒரு நாள் படுக்கவில்லை, ஒரு ஊசி போட்டுக்கொள்ளவில்லை, தூக்கத்தில், அதுவும் பிரதோஷத்தன்று. இதிலுமா என்னை முந்துவான்?

பத்து மணிக்குள் பிள்ளையார்பாளையம் முழுக்க பேனர். அவன் நடித்த சினிமாவிலிருந்து படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். தகரக் கொட்டகைக்குள் தலை குனிந்து உட்கார்ந்து, இடது உள்ளங்கையை மட்டும் வாசல் பக்கம் தூக்கிக் காட்டுகிறான். கீழே 'திரையுலகச் சிங்கம்'. படத்தில் நான்கே நிமிடம் வந்த சிங்கம். நாற்பது வருடம் நம் நாடக மன்றத்தில் ஈரேழு உலகத்தையும் கட்டி ஆண்ட எனக்கு, போகிற அன்றைக்கு ஒரு நோட்டீஸாவது ஒட்டுவார்களா என்று பேனருக்குக் கீழேயே நின்று யோசித்தேன்.

மன்றத்து நண்பர்களே, உங்களுக்குத் தெரியாததல்ல. நான் ராஜா. அவன் திரை இழுப்பவன், நடுவில் ஒருமுறை வாயில்காப்போன். "மன்னா, தூதுவன் வந்திருக்கிறான்" என்பதுதான் நாற்பது வருடத்துக்கும் சேர்த்து அவன் பேசிய வசனம். நான் சபையில் நின்று முழங்கினால் தென்னேரி ஏரியில் அலை எழும்பும். அவன் திரைக்குப் பின்னாலிருந்து, "மெல்ல பேசு ராஜா, முன்வரிசைல கொழந்த தூங்குது" என்பான். வீரத்தையே குழிதோண்டிப் புதைக்கிற குரல் அவனுடையது.

சினிமாக்காரர்கள் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆள் தேர்வு நடத்தியபோது, இயற்கையாகவே போனவன் நான். என் உடைவாளும் கிரீடமும் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு அவன் கூட வந்தான். ஒரு சுரங்க ஊரில் நடக்கும் கொலைக் கதை. மலையைச் சட்டவிரோதமாக வெட்டி விற்கிறார்கள். அதை அளக்க வந்த சர்வேயர் ஒருவனைக் கொன்று, கல் லாரியிலேயே பிணத்தை அனுப்பிவிடுகிறார்கள். தாசில்தாரிலிருந்து டீக்கடைக்காரர் வரை எல்லாரும் விலைபோன ஊர். லாரியை எடைபோடும் இடத்தில் இருக்கிற கிளார்க்குக்கு மட்டும் எந்த லாரி என்று தெரியும். அந்த கிளார்க்குக்குத்தான் ஆள் தேடினார்கள்.

நான் கொடுத்த முழக்கத்தில் வரதராஜப் பெருமாள் கோயில் யானை பதிலுக்குப் பிளிறியது. டைரக்டர் என் பேரன் வயசுப் பையன், அரைக்கால் சட்டை. "சார், சூப்பர் சார். இப்ப நடிக்காம ஒருதடவ பேசுங்க சார்" என்றான். நடிக்காமல் பேசுவதற்கு நான் எதற்கு என்று கேட்டேன். அவன் என்னைத் தாண்டி, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தான். "ஐயா, நீங்க?" கச்சபேசன் எழுந்து, "நான் துணைக்கு வந்தேன்பா" என்றான். அவ்வளவுதான், அவனை எடுத்துக்கொண்டார்கள்.

படப்பிடிப்புக்கு மூன்று பஸ் மாறிப் போக வேண்டும். இந்த முறை துணைக்குப் போனவன் நான். ஒரு மலையைப் பாதி தின்று மீதியைத் துப்பி வைத்த மாதிரி ஒரு ஊர். இன்ஸ்பெக்டர் விசாரிக்க வருகிறார், கிளார்க் பதறி எழுந்து கும்பிட வேண்டும். இதுதான் காட்சி. இன்ஸ்பெக்டர் வந்தார். கச்சபேசன் லாரிச் சீட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை, நிமிரவும் இல்லை. இடது கையை மட்டும் தூக்கிக் காட்டினான், இரு என்று.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தறியில் புடவைப் புட்டாவுக்கு இழை எண்ணும்போது முதலாளி வந்தாலும் மாமனார் வந்தாலும் நெசவுக்காரர்களான நம் ஆட்கள் செய்வது அதுதானே. எண்ணிக்கை தப்பினால் பூ கோணிவிடும். படம்பிடிக்கிறார்கள் என்பதை மறந்து, தறியில் இருக்கிற ஞாபகத்தில் செய்துவிட்டான். திட்டு விழப்போகிறது என்று ஆசையோடு காத்திருந்தேன். டைரக்டர் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "ஐயா, இந்த ஊர்ல போலீஸ்தான் காத்திருக்கணும். மொத்தப் படமும் இந்தக் கைல இருக்குது. அப்படியே வச்சுக்கலாம்." அதற்கு மேல் அங்கே நிற்க என் வயிறு இடம் கொடுக்கவில்லை. எரிந்தது. டீக்கடைக்குப் போய் சாயங்காலம் வரை டீயாகக் குடித்தேன்.

படம் வந்தது. ஊர் அவனைத் தூக்கிக் கொண்டாடியது. எங்கள் வீட்டம்மாவே, "இன்னா திமிருங்க அந்தக் கைல. உங்களுக்கு கிரீடம் வச்சும் இப்டி வரலியே" என்றாள். அன்றைக்கு ஆரம்பித்தேன் பிரசாரத்தை. டீக்கடை, ரேஷன் கடை, கல்யாணப் பந்தி, ஒரு இடம் விடவில்லை. "அது நடிப்பே இல்லப்பா, தறிப் பழக்கம்." மன்றத்தில் அவனுக்குப் பொன்னாடை போடுவது பற்றிக் கூட்டம் நடந்தபோது ஒருமணி நேரம் பேசினேன். பழக்கத்துக்கெல்லாம் பொன்னாடை என்றால் தினமும் பல் தேய்க்கிறவனுக்கும் போடுங்கள் என்றேன். நீங்களும் சிரித்தீர்கள். பொன்னாடை நின்றுபோனது. கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவனும் சிரித்தான்.

போன மாதம் ஒரு பகல் வேளையில் அவன் என் வீட்டுக்கு வந்தான். தறியில் இழை எண்ணிக்கொண்டிருந்த நான், நிமிராமல் கையைத் தூக்கிக் காட்டினேன்.

"இன்னா ராஜா, நடிக்கிறியா?" என்றான்.

எண்ணிக்கை தப்பியது. "இது பழக்கம்டா, உன்னுது மாதிரி" என்றேன்.

எதிரில் உட்கார்ந்தான். "நீ மொத தடவ மட்டும்தான் பாத்த. டீ குடிக்கப் போயிட்ட. அப்பறம் அத பதினோரு தடவ எடுத்தாங்க. வெளிச்சம் போச்சு, லாரி சத்தம் போட்டுச்சு, அந்த இன்ஸ்பெக்டர் வசனத்த மறந்துக்கினே இருந்தாரு. மொத தடவ நெசமா எண்ணினேன். மறுதடவ எண்ணினா மாதிரி இருக்கணும். அது வேறடா."

"படத்துல வந்தது எத்தினியாவது?"

"கடைசி. நானும் யோசிச்சேன். அந்த கிளார்க்குக்கு பொணம் எதுல போச்சுன்னு தெரியுது. நிமிந்தா மூஞ்சி காட்டிக் குடுத்துடும். அதான் நிமிரல. எல்லாரும் திமிருன்னு சொல்றாங்க. நான் பயந்துக்கினு செஞ்சேன்."

"பொன்னாடை அன்னிக்கு ஏண்டா இத சொல்லல?"

"நீ மூச்சு வாங்க பேசிக்கினு இருந்த. நடுவுல எப்டிடா பேசறது? இன்னும் ரெண்டு நாளு பேசட்டும், ராஜாவுக்கு வேற இன்னா இருக்குதுன்னு விட்டேன்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். "காபி சாப்புடறியா" என்றேன். சாப்பிட்டுவிட்டுப் போனான். அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் பிரதோஷம் வந்துவிட்டது.

ஆகவே இப்போது சொல்கிறேன். அது நடிப்பு. நான் ஊர் முழுக்கச் சொன்னது வயிற்றெரிச்சல். எங்கெல்லாம் சொன்னேனோ அங்கெல்லாம் போய்ச் சொல்ல எனக்குக் கால் இருக்கிறது. அவன் படத்துக்கு முன்னால் மன்றம் அந்தப் பொன்னாடையை வைக்கட்டும். நான் குறுக்கே பேச மாட்டேன்.

காரியம் முடிந்த மறுநாள் அந்தக் காட்சியைப் போனில் போட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். தியேட்டரில் ஒன்பது முறை பார்த்தும் என் கண்ணில் படாத ஒன்று அதில் இருந்தது. தூக்கிய கையில் நான்கு விரலும் கல் மாதிரி நிற்கின்றன. சுண்டுவிரல் மட்டும் லேசாக நடுங்குகிறது. இழை எண்ணுகிறவன் விரல் நடுங்காது. நம்மில் யாருக்கும் நடுங்காது. அதை அவன் எங்கிருந்தோ கொண்டுவந்து வைத்திருக்கிறான்.

அவனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தச் சுண்டுவிரலைத்தான். தினமும் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன் நின்று செய்து பார்க்கிறேன். ஒன்று, எதுவும் அசைவதில்லை. இல்லையென்றால் கை முழுக்க ஆடுகிறது. இன்னும் பொறாமையாகத்தான் இருக்கிறது.