கையுறைக்குப் பத்து தெரியாது

எனக்குப் படிப்பு அதிகம் கிடையாது. தமிழை எழுத்துக் கூட்டி எழுதுவேன், அவ்வளவுதான். ஆனால் சோற்றுப் பானையைத் தொட்ட கையை நனைக்காமல் தயிர்ப் பாத்திரத்தைத் தொடக்கூடாது என்பது எனக்குப் பாவாடை கட்டின நாளிலிருந்து பழக்கம். பத்து என்போம். அந்தப் பத்து தெரியாதவர்களிடம் வயிற்றை ஒப்படைத்துவிட்டுக் கிடந்தேன், போன மழைக்காலத்தில்.

பித்தப்பையில் கல். துளை போட்டு எடுக்க வராது என்று வயிற்றைக் கிழித்தே எடுத்தார்கள். நாங்கள் இருக்கும் வங்காளத்தில்தான், எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அதற்கும் ஒரு மரியாதை வந்துவிடும். டாக்டரின் வேலையைக் குறை சொல்லவில்லை. புண்ணில் சீழ் வைத்தால் தையலைப் பிரித்து மறுபடி சுத்தம் செய்ய வேண்டிவரும் என்று மருமகளிடம் சொல்லிவிட்டுப் போனார். என் வயதில் இன்னொரு முறை அந்த மேஜையில் ஏறினால் இறங்குவேனா என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குத் தெரிந்தது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு வங்காளி அம்மாள். அவளுக்குக் குடலில் ஆபரேஷன். புண் பழுத்துவிட்டது, கட்டைப் பிரித்தால் வாடை என் தலையணை வரைக்கும் வரும். காலையில் நர்ஸ் வந்து அவளுக்குக் கட்டு மாற்றினாள். அதே கையுறையோடு திரையைத் தள்ளினாள். மணியடித்த போனை எடுத்துப் பேசிச் சிரித்தாள். தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். நான் போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டேன்.

கையைக் கழுவிக்கொண்டு வேறு உறை போட்டு வா என்று வங்காளியில் சொன்னேன்.

"கிளவ்ஸ் போட்டிருக்கேனே, மாஷிமா," என்றாள், குழந்தைக்குச் சொல்வதுபோல. வயதானவளை அங்கே மாஷிமா, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடுவார்கள்.

கையுறை அவள் கையைக் காப்பாற்றுகிறது. என் வயிற்றை யார் காப்பாற்றுவது? இதைக் கேட்டதும் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம். வார்டு முழுக்க ஒருத்தியாகப் பார்ப்பதாகவும், ஒவ்வொரு கட்டிலுக்கும் கழுவினால் ராத்திரிதான் முடியும் என்றும் சொன்னாள். உறையை உரித்துக் கையைக் காட்டினாள். ஸ்பிரிட் பட்டுப் பட்டு வெடித்த கை. வெடித்திருந்தாலும் எனக்குக் கழுவின கைதான் வேண்டும். அவளுக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டு சீழ் பிடிக்க நான் தயாராக இல்லை. கழுவுகிற தொட்டியில் சோப்பே கிடையாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. தொட்டிக்கு மேலே மட்டும் கை கழுவுவது எப்படி என்று பெரிய படம்.

அன்றைக்கு எனக்குக் கட்டு மாற்றவில்லை. சாயந்திரம் அலிப்பூர் ஆபீஸிலிருந்து நேரே வந்த மருமகளுக்குப் பயம்.

"அம்மா, கொஞ்சம் விட்டுக்கொடுங்கோ. அவா கோவிச்சுண்டா நமக்குத்தான் கஷ்டம்."

"கிழிச்சது என் வயித்தைத்தானே?" என்றேன்.

கட்டு நனைந்திருந்தது. மாற்றாமல் வைத்தாலும் கெடும், அந்தக் கையால் மாற்றினாலும் கெடும். இரண்டும் தெரிந்தேதான் படுத்திருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் வார்டில் கல்யாணக் களை. ஆஸ்பத்திரிக்குச் சான்றிதழ் கொடுக்கிறவர்கள் வருகிறார்களாம். தொட்டியின் மேல் புதுச் சோப்புப் புட்டி, வெள்ளைத் துண்டு. மேட்ரன் நர்சுகளை வரிசையாக நிறுத்தி, எப்போதெல்லாம் கை கழுவ வேண்டும் என்று கேட்டாள். என் நர்ஸ் இங்கிலீஷில் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. மாத்திரை கொடுக்க வந்த ஆயாவிடம் கேட்டேன். நோயாளியைத் தொடுவதற்கு முன், தொட்டதற்குப் பின், புண்ணுக்கு முன் என்று அவள் வங்காளியில் சொன்னாள். எல்லாம் தெரிந்திருக்கிறது! தெரியாதவளை மன்னிக்கலாம்.

பதினொரு மணிக்குப் பெரிய அதிகாரி வந்தார். எல்லோரோடும் கை குலுக்கினார், கட்டில் கம்பியைத் தட்டினார், கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டார். நர்ஸ் மறுபடி ஒப்பித்தாள். அவருக்கு ரொம்பத் திருப்தி. இந்த மாஷிமாவின் புண் எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று குனிந்து, அதே கையை என் கட்டின் மேல் கொண்டுவந்தார்.

அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"ஹாத் துயே ஆஷுன்," என்றேன். கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள்.

மேட்ரன் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. அதிகாரி கொஞ்சம் சிரித்து, தொட்டிக்குப் போய்க் கழுவினார். அவர் கழுவினதால் மேட்ரன் கழுவினாள், அவள் கழுவினதால் நர்ஸ் கழுவினாள். பெரிய மனிதர்கள் வரிசையில் நின்று கை கழுவுவதைப் படுத்துக்கொண்டே பார்த்தேன். அன்றைக்கு என் கட்டு ஒழுங்காக மாறியது.

அவர்கள் கார் கிளம்பினதும் சோப்புப் புட்டி அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது.

மருமகளைக் கரியாஹாட் கடைத்தெருவுக்கு அனுப்பி ஒரு புட்டி வாங்கிவரச் சொன்னேன். அதை என் தலைமாட்டில் வைத்துக்கொண்டேன். கட்டு மாற்ற வருகிறவள் முதலில் என்னிடம் வந்து கையை நீட்ட வேண்டும், நான் ஊற்றுவேன், கழுவிவிட்டு வந்து தொடலாம். முணுமுணுத்துக்கொண்டு செய்தாள். பக்கத்துக் கட்டிலுக்கும் அப்படியே செய்ய வைத்தேன். ஆனால் அந்த அம்மாளுக்குக் காலம் கடந்துவிட்டது. தையலைப் பிரிக்க மறுபடி கொண்டுபோனார்கள். பிழைத்துத்தான் வந்தாள், வயிற்றில் புதுப் புண்ணோடு.

என் புண் காய்ந்தது. வீட்டுக்குப் புறப்படும்போது நர்ஸ் வாசல்வரை வந்தாள்.

"மாஷிமா, அந்த சோப்பை வெச்சுட்டுப் போங்களேன்," என்றாள்.

"உனக்கு வாங்கலை," என்றேன். சக்கர நாற்காலியைத் திருப்பச் சொல்லி, பக்கத்துக் கட்டில்காரியின் கையில் புட்டியைக் கொடுத்தேன். அவள் அதைத் தலையணைக்குக் கீழே தள்ளிவிட்டு, நர்ஸைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.