எட்டேகால் மணிப் பாட்டு

அண்ணன் அந்த இங்கிலீஷ் பாட்டை முதன்முதலாகக் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். அப்போது நாங்கள் அப்புத்தளைக்குக் கீழே ஒரு தோட்டத்தில் குடியிருந்தோம். அண்ணன் தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீசியன். நான் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த கணக்கு டீச்சர். கொழும்பில் புதுப்புது எஃப்.எம். ரேடியோக்கள் தொடங்கியிருந்த காலம் அது. எங்கள் மலைக்கு அவை வருவதும் வராததும் அவற்றின் இஷ்டம். ஏரியலில் செம்புக் கம்பியைக் கட்டி, மறுமுனையைக் கொய்யா மரத்தில் சுற்றி, அந்தக் கொய்யா மரத்தில் காக்கா உட்காராமல் இருந்தால்தான் எங்களுக்குக் கொழும்பு கேட்கும்.

அன்றைக்குக் காக்கா இல்லை. மெதுவாக ஒரு கிட்டார் தொடங்கியது. அண்ணன் சவரம் செய்துகொண்டிருந்தவர், பாதி முகத்தில் நுரையோடு ஓடிவந்து கசெட்டில் பதிவு பண்ணும் பட்டனை அழுத்தினார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வெளிநாட்டு ராக் குழு ஒன்றின் பாட்டு. தாலாட்டு மாதிரித் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, நடுவில் டிரம்ஸ் வந்து இடி மாதிரி விழும். அதற்குப் பிறகு, யாரோ காலை மிதித்துக்கொண்டே நிற்கிற மாதிரி பாடுகிறவன் உச்சக் குரலில் கதறுவான். பிரிந்துபோகிற காதலைப் பற்றிய பாட்டு என்பது எனக்குத் தெரிந்த இங்கிலீஷுக்கே விளங்கியது.

அண்ணன் எழுந்தபோது நுரை காய்ந்திருந்தது. "தங்கச்சி, இதைத்தான் நாம வாசிக்கப் போறோம்" என்றார்.

'நாம' என்று அவர் சொன்னது எங்கள் இசைக்குழுவை. அண்ணன் கிட்டார். அப்புத்தளை–பதுளை பஸ்ஸில் கண்டக்டராக இருந்த அவருடைய கூட்டாளி டிரம்ஸ். கீபோர்டுக்கு பண்டாரவளையிலிருந்து ஒருவர் வருவார். பாடுவது நான். கலியாணம், சடங்கு, கோயில் திருவிழா என்று ஊவா மாகாணம் முழுக்கச் சுற்றினோம். அண்ணன் கூட இருப்பதால்தான் அம்மா என்னை அனுப்பினாள். அண்ணனைக் கவனித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்பதால் அனுப்பினாள் என்றும் சொல்லலாம்.

பழகுவதற்காக அந்தக் கசெட்டை நாங்கள் போட்டுத் தேய்த்தோம். அதில் ஒரு விசேஷம் இருந்தது. பாட்டு தொடங்கும்போது, கிட்டாரின் மேல் ஒரு ஆண்குரல் கனமாக, நெஞ்சிலிருந்து இங்கிலீஷில் பேசும். அவன் பேசி முடிக்கிற அதே நொடியில் பாடுகிறவன் எடுப்பான். அவ்வளவு கச்சிதம். என்ன பேசுகிறான் என்று என்னிடம் கேட்டார்கள். இரைச்சலுக்குள் காதை வைத்துக் கேட்டுச் சொன்னேன். "மலைப்பக்கம் போறவங்க கவனமா போங்க, பனி ரொம்ப அடர்த்தியா இருக்கு, நேரம் இப்போ எட்டேகால்."

அண்ணன் கசெட்டைப் பின்னால் ஓட்டி அதே இடத்தை இன்னொரு தடவை போட்டார்.

"எட்டேகாலாம்" என்றார் அண்ணன். அவருடைய கண் கலங்கியிருந்தது. "அவ போற நேரத்தை நிமிஷத்தோட சொல்றான் பாரு. எவனாவது தமிழ்ல இப்படி எழுதுவானா?"

எனக்கும் அது கவிதையாகத்தான் பட்டது. அவனை விட்டுவிட்டு அவள் மலையேறிப் போகிறாள். போகிறவளைத் திட்டாமல், பனியைப் பார்த்துப் போ என்கிறான். பாட்டு தேய்ந்து முடிகிற இடத்தில் அதே குரல் இன்னொரு தடவை வரும். "தலை வலிக்கிறதா? உடம்பு வலிக்கிறதா? இனியும் காத்திருக்காதீர்கள்." அதோடு பதிவு நின்றுவிடும். இனியும் காத்திருக்காதீர்கள் என்பதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும்.

எங்களைக் குற்றம் சொல்ல முடியாது. நாங்கள் கேட்டு வளர்ந்த ரேடியோவில் அறிவிப்பாளர் பாட்டின் விவரத்தைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார், அதற்குப் பிறகுதான் பாட்டு வரும். பாட்டு ஓடும்போது அதன் மேல் ஏறி உட்கார்ந்து பேசுகிற பழக்கம் எங்கள் ஊருக்கு அப்போது வந்திருக்கவில்லை.

பேசுகிற பகுதி கண்டக்டர் அண்ணனுக்குப் போனது. பஸ் வாசலில் 'பதுளை, பதுளை' என்று கத்திக் கத்திப் பழுத்த குரல் அவருடையது. இங்கிலீஷ் தெரியாது, ஆனால் எழுத்துப் பிசகாமல் அந்த ஆளைப் போலவே இழுத்து, அதே இடத்தில் மூச்சுவிட்டுச் சொன்னார். மாலை நேரங்களில் எங்கள் வீட்டு முன்வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து அண்ணன் அந்தப் பாட்டின் நடுவில் வரும் கிட்டார் தனி வாசிப்பைப் பழகுவார். கண்ணை இறுக்க மூடி, பின்பக்கமாக வளைந்து, பல்லைக் கடித்துக்கொண்டு வாசிப்பார். அடுத்த காம்பரா வீட்டில் இருந்த அக்கா ஒருநாள் இஞ்சித் தண்ணீரோடு வந்து, "உங்க மகனுக்கு வயித்து வலி இன்னும் கேக்கலையா?" என்று அம்மாவிடம் விசாரித்துவிட்டுப் போனார்.

பாட்டை மேடையேற்ற வாய்ப்பு வந்தது எங்கள் தோட்டத்துப் பெரிய கிளாக்கருடைய மகளின் கலியாணத்தில். பதுளையில் ஒரு மண்டபம். மாப்பிள்ளை கொழும்பில் பேங்கில் வேலை. அவர்கள் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு நாங்கள் வழக்கமான பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை ஒரு ஆளை அனுப்பி, இங்கிலீஷ் பாட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டும். ஃபேக்டரியில் கரண்ட் திரும்பி வரும்போது கூட அவ்வளவு வெளிச்சம் வராது.

அண்ணன் கிட்டாரைத் தொடங்கியதுமே மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு ரொம்பப் பிடித்த பாட்டாம் அது. பொண்ணிடம் குனிந்து ஏதோ சொன்னார். கொழும்பு ஆட்கள் மெதுவாகக் கை தட்டினார்கள். அப்போது கண்டக்டர் அண்ணன் மைக்கைக் கிட்ட இழுத்து, கண்ணை மூடி, அந்தக் கனமான குரலில் இங்கிலீஷில் சொன்னார்: மலைப்பக்கம் வண்டி ஓட்டுகிறவர்கள் கவனமாக ஓட்டுங்கள், பனிமூட்டம் அடர்த்தியாக இருக்கிறது, நேரம் இப்போது எட்டேகால்.

மத்தியானம் இரண்டரை மணி. முன்வரிசையில் கோட் போட்டிருந்த ஒரு பெரியவர் தன்னுடைய கடிகாரத்தைப் பார்த்தார். அதைக் காதில் வைத்தும் பார்த்தார்.

நான் பாடத் தொடங்கினேன். மாப்பிள்ளை மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார். பொண்ணு பதறிப்போய்த் தன் சேலைத் தலைப்பால் அவர் கண்ணைத் துடைத்தாள். அதைப் பார்த்த எங்கள் தோட்டத்துப் பெண்கள், எவ்வளவு இளகின மனசு என்று தாங்களும் மூக்கைச் சிந்த ஆரம்பித்தார்கள். பாதி மண்டபம் சிரித்துக்கொண்டும் பாதி மண்டபம் அழுதுகொண்டும் இருக்க, அண்ணன் பின்பக்கமாக வளைந்து வாசித்தார். கடைசியில் கண்டக்டர் அண்ணன் உருக்கமாக, "தலை வலிக்கிறதா? உடம்பு வலிக்கிறதா? இனியும் காத்திருக்காதீர்கள்" என்று முடித்தபோது, கொழும்பு ஆட்கள் நாற்காலியில் ஏறி நின்று விசில் அடித்தார்கள். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கத்தினார்கள். இன்னொரு தடவையும் வாசித்தோம்.

மேடையை விட்டு இறங்கியபோது மாப்பிள்ளை என்னைக் கூப்பிட்டார். கண் இன்னும் ஈரமாக இருந்தது.

"தங்கச்சி, கோவிச்சுக்காதீங்க. அந்தப் பேச்சு யாரு எழுதினது?"

"பாட்டிலயே இருக்குங்க."

"பாட்டுல இல்லம்மா. அது ரேடியோக்காரரு பேசினது. கடைசியில வர்றது தலைவலி மருந்து விளம்பரம்."

எனக்குக் காது சுட்டது. அவரோ இரண்டு கையையும் கூப்பி, "நான் காலையிலருந்து பயந்து போயிருந்தேன். இப்பதான் சரியாச்சு" என்றார். உண்மையாகவே நன்றியோடு சொன்னார்.

திரும்பி வரும் வேனிலேயே அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவர் நம்பவில்லை. "நீ அந்த ஆளுகிட்ட ஏமாந்துட்ட. அவருக்குப் பொறாமை" என்றார்.

"கலியாண மாப்பிள்ளைக்கு உன்மேல என்ன பொறாமை?"

"விளம்பரமா இருந்தா மருந்து பேரைச் சொல்லணுமில்ல? சொன்னானா?"

"அதுக்குள்ள நீ நிறுத்துற பட்டனை அமத்திட்ட."

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்டக்டர் அண்ணன் மட்டும், "தலைவலி மருந்துன்னா நல்ல மருந்தாத்தான் இருக்கும், அந்த ஆளு அப்படி உருகுறான்" என்றார்.

வழக்கு எங்கள் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் ஆசிரியரிடம் போனது. யாழ்ப்பாணத்துக்காரர், சிரிக்காதவர் என்று பேர் எடுத்தவர். அண்ணன் கசெட்டையும் ரேடியோவையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் விட்ட பிறகு வந்தார். ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, பாட்டை முழுசாகக் கேட்டார். பிறகு அண்ணனைப் பார்த்தார்.

"தம்பி, உது காதல் இல்லை. உது காலநிலை அறிவித்தல்."

"கடைசியில வர்றது சார்?"

"அது மருந்து."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு ரேடியோவின் ஒயரைச் சுற்றத் தொடங்கினார். சுற்றின ஒயரை அவிழ்த்து மறுபடியும் சுற்றினார். பார்க்கப் பாவமாக இருந்தது. ஆசிரியருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். "எண்டாலும் நல்லாத்தான் இருக்குது. பாட்டைவிட அந்தாள் கதைக்கிறதுதான் எனக்கு விளங்கினது" என்றார். சொல்லிவிட்டு, சிரிக்காத அந்த மனிதர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். வராந்தாவில் அவர் சிரிக்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

அண்ணன் அந்தப் பேச்சை எடுத்துவிட்டார். பாட்டை மட்டும் வாசிப்போம் என்றார். ஆனால் விஷயம் எங்களுக்கு முன்னால் ஊர் ஊராகப் போய்விட்டது. மேடையில் ஏறினாலே கீழேயிருந்து, "அந்த டைம் சொல்ற பாட்டு!" என்று குரல் வரும். பேச்சில்லாமல் வாசித்தால் ஏமாற்றத்தோடு வெற்றிலை போட எழுந்து போனார்கள். அண்ணன் உள்ளுக்குள் வெந்துபோனார். கடைசியில் கண்டக்டர் அண்ணன்தான் வழி சொன்னார். "எவனோ ஒருத்தன் சொன்னதை நான் ஏன் சொல்லணும்? நம்ம ஊரு பனியை நானே சொல்றேன், தமிழ்ல." அண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நேரம் சரியா இருக்கணும்" என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

அது பிடித்துக்கொண்டது. கிட்டார் மெல்ல அழ, கண்டக்டர் அண்ணன் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்வார், அப்புத்தளையில் மழையா வெயிலா என்று சொல்வார், எந்த வளைவில் மண் சரிந்திருக்கிறது என்று சொல்வார். பஸ்ஸில் போகிற ஆள், பொய் வராது. பாட்டு முடிகிற இடத்தில் மருந்துக்குப் பதிலாக மாப்பிள்ளை பொண்ணுக்கு இரண்டு வார்த்தை புத்தி சொல்வார். எங்களுக்கு முன்னைவிட அதிகமாகக் கலியாணங்கள் வந்தன.

அப்படித்தான் பசறையில் ஒரு கலியாணத்துக்குப் போனோம். மழை ஊற்றிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம். மண்டபம் நிறைய ஆட்கள், பெரும்பாலும் மேலே உள்ள தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். பாட்டைத் தொடங்கினோம். கண்டக்டர் அண்ணன் தன் வழக்கப்படி, "நேரம் இப்போ அஞ்சே முக்கால். மழை விடல. மேல தோட்டத்துக்குப் போற கடைசி பஸ் இன்னைக்கு நேரத்தோட, இப்பவே கிளம்புது, டிரைவர் சொன்னாரு" என்றார். வார்த்தை வார்த்தையாக, நெஞ்சு உருகச் சொன்னார்.

அண்ணன் கண்ணை மூடியிருந்தார். அதனால் அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். ஒரு பாட்டன் எழுந்தார். அவர் பின்னால் ஒரு குடும்பம் எழுந்தது. அப்புறம் வரிசை வரிசையாக எல்லாரும் எழுந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, குடையைத் தேடிக்கொண்டு, தாம்பூலப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு அம்மா போகிற போக்கில் மேடையைப் பார்த்து, "நல்ல காலம் சொன்னீங்க தம்பி!" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் பாடிக்கொண்டே இருந்தேன். டிரம்ஸ் இடி மாதிரி விழுந்தது. அண்ணன் பின்பக்கமாக வளைந்து, தன் வாழ்நாளில் வாசித்ததிலேயே நல்ல வாசிப்பை வாசித்தார்.

முடித்துக் கண்ணைத் திறந்தார். எதிரே காலி நாற்காலிகள்.

"எங்கடா எல்லாரும்?"

"பஸ்ஸுக்குப் போயிட்டாங்க மச்சான்" என்றார் கண்டக்டர் அண்ணன்.

மண்டபத்தில் மிச்சமிருந்தது பொண்ணு, மாப்பிள்ளை, அவர்களுடைய வீட்டு ஆட்கள், கரண்டியோடு வாசலில் நின்ற சமையல்காரர், அவ்வளவுதான். பொண்ணு தானே ஒரு நாற்காலியை இழுத்து மேடைக்குக் கிட்டப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "அந்த நடுவுல வாசிச்சீங்களே அண்ணே, சத்தத்துல சரியா கேக்கல. அதை மட்டும் இன்னொருக்கா வாசிங்க" என்றாள்.

அண்ணன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். கண்டக்டர் அண்ணனைப் பார்த்து, "நீ வாயைத் திறக்காத" என்றார். வெளியே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு மலையேறியது. அண்ணன் அந்த வாசிப்பை முதலிலிருந்து எடுத்தார்.