எட்டாவது தூண்

சோழவந்தானில் ஆற்றுப் பக்கம் இருக்கும் பழைய வெற்றிலை மண்டியை ஊர் அருங்காட்சியகமாகவும் ஓவியக் கூடமாகவும் மாற்றிய குழுவுக்கு நான் செயலாளர். நாட்குறிப்பு எழுதுகிற பழக்கம் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. வேலைப் பட்டியலை நானே தயாரித்தேன். முதல் பத்து வரிகள் கூரை ஓடுகளையும் வௌவால்களையும் பற்றியவை. பதினொன்றாவது வரி: ‘கல்தூண்கள் எட்டு. சுண்ணாம்புக் கறை சுரண்டிச் சுத்தம் செய்தல்.’

மண்டிக்கு வந்தவர்கள் தூணில் சாய்ந்து உட்கார்ந்து வெற்றிலை போட்டிருக்கிறார்கள். விரலில் மிஞ்சிய சுண்ணாம்பைத் தூணிலேயே தடவியிருக்கிறார்கள். பல ஆண்டுகள் தடவியதில் சில இடங்களில் அரை அங்குலத்துக்குப் பொருக்குத் தட்டியிருந்தது. வேலை தொடங்குமுன் ஒவ்வொரு தூணையும் நான்கு பக்கமும் போட்டோ எடுத்து, ஒன்று முதல் முப்பத்திரண்டு வரை எண் போட்டு வைத்தேன். யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

கொத்தனார் கிழக்கிலிருந்து நாளுக்கு ஒரு தூணாக முடித்து வந்தார். அவரும் வெற்றிலை போடுகிறவர். விரலைத் தன் லுங்கியில் துடைத்துக்கொண்டார். அது என் உத்தரவு.

எட்டாம் நாள் காலை அவர் கம்பி பிரஷ்ஷை எடுத்தபோது ஓர் அம்மாள் உள்ளே வந்தார். பஸ் ஸ்டாண்டில் கூடை வைத்து வெற்றிலை விற்பவர். எனக்கு முகம் தெரியும். நேராகப் போய் எட்டாவது தூணை மறைத்து நின்றுகொண்டார்.

“இதச் சொரண்டாதீங்க. இது எங்க வீட்டுக்காரரு தூணு.”

அவர் கணவர் இந்த மண்டியில் வெற்றிலையை எண்ணிக் கட்டுக் கட்டியவர். இறந்து ஆறு வருடமாகிறது.

“போட்டோ கீட்டோ இல்லையாக்கா?” என்று கொத்தனார் கேட்டார்.

“வோட்டர் கார்டுல இருக்கு. அது அவரு மாதிரியே இல்ல. வேற எவனோ. அம்புட்டு வருசம் கை வச்சது இங்கனதான்.”

“எல்லாத் தூணுலயுந்தான் சுண்ணாம்பு இருந்துச்சு. இது அவரு தடவுனதுன்னு எப்படிச் சொல்றீங்க?” என்றேன்.

“அவரு பீச்சாங்கைக்காரரு தம்பி. அந்தக் கையால வெத்தல வாங்குனா ஆகாதுன்னு பக்கத்துலயே சேக்க மாட்டாங்க. அதான் கடேசித் தூணு. அவரத் தவிர ஒருத்தனும் இங்கன உக்காந்ததில்ல.”

கொத்தனாரை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போட்டோக்களைப் பார்த்தேன். முதல் ஏழு தூண்களிலும் கறை, சாய்ந்து உட்காருபவரின் வலக்கைப் பக்கம். எட்டாவதில் இடக்கைப் பக்கம் மட்டும். வலப்பக்கம் ஒரு புள்ளிகூட இல்லை. இரண்டு முறை சரிபார்த்தேன்.

மற்ற ஏழில் யார் யார் உட்கார்ந்தார்கள் என்று நான் விசாரித்திருக்கவில்லை. பதினொன்றாவது வரியை எழுதியது நான்.

மாலையில் குழுத் தலைவர் வந்தார். ரைஸ் மில் வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா என்பதால் வேகமாக நடந்தார்.

“என்ன செயலாளரே, ஏழு பளிச்சுன்னு இருக்கு. ஒண்ணு மட்டும் பல்லு வெளக்காம நிக்கிது?”

போட்டோக்களை எண் வரிசைப்படி காட்டினேன். பன்னிரண்டாவதில் அவர் நாற்காலி கேட்டார். பத்தொன்பதாவதில் எழுந்துவிட்டார்.

“போதும்ணே, விட்டுத் தொலைங்க. ஒரு போர்டு வச்சிருங்க. இல்லைன்னா வாரவன் போறவன் எல்லாம் என்னையத்தான் கேப்பான்.”

போர்டில் அந்த அம்மாளின் கணவர் பெயரையும் வேலையையும் எழுதி, கீழே ‘சுண்ணாம்புத் தடம். இடக்கை. தொடாதீர்கள்’ என்று சேர்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் ஓவியங்கள் மாட்டிய சுவர்ப் பக்கம் போய்விட்டது. அந்த அம்மாள் எட்டாவது தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். சுருக்குப் பையிலிருந்து வெற்றிலை எடுத்துக் காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, மடித்து வாயில் வைத்தார். விரலில் மிஞ்சியதைத் தூணின் வலப்பக்கத்தில் ஒரே இழுப்பாக இழுத்தார்.

“அக்கா, போர்டு இருக்கு” என்றேன்.

“அவரு பக்கத்த நான் தொடல தம்பி. இது சும்மாதான கெடக்கு.”

கொத்தனார் துண்டோடு வந்தார். “தொடச்சிரவா சார்?”

வேண்டாம் என்றேன்.

மறுநாள் அதைப் போட்டோ எடுத்து முப்பத்து மூன்று என்று எண் போட்டேன். போர்டில் ஒரு வரி கூடியிருக்கிறது: ‘வலப்பக்கம் உள்ளது பிற்காலத்தது.’