படத்தில் இல்லாத காட்சி

சினிமாவைப் பற்றி ஒருவர் அபிப்பிராயம் சொன்னால் நான் உடனே நம்புவதில்லை. படத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறாரா என்பதிலேயே எனக்குச் சந்தேகம் ஆரம்பித்துவிடும். கலிஃபோர்னியாவில், பிளசன்டனில் எங்கள் வீட்டைச் சுற்றியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் சில, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். ஒரு பழைய படத்தையும் அதன் ரீமேக்கையும் அவரவர் வீட்டில் பார்த்துவிட்டு வர வேண்டும். வந்து, காபி குடித்தபடி எது தேவலை என்று சண்டை போட வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. ஆனால் யார் ஒழுங்காகப் பார்க்கிறார்கள்? பாதிப் பேர் துணி மடித்துக்கொண்டே பார்க்கிறார்கள். மீதிப் பேர் யூடியூபில் யாரோ பேசியதைக் கேட்டுவிட்டு வந்து, வரி மாறாமல் ஒப்பிக்கிறார்கள். 'அந்தக் காலத்துல நடிப்புன்னா நடிப்பு' என்று ஒருவர் ஆரம்பித்தாலே, இவர் படம் பார்க்கவில்லை என்று நான் முடிவுகட்டிவிடுவேன்.

எனக்கு ரீமேக் என்றாலே ஆகாது. என் மனைவி இதில் என் கட்சி. நான் நல்ல படம் என்றால் அவளும் நல்ல படம் என்பாள், நான் குப்பை என்றால் அவளுக்கும் குப்பை. ரசனை ஒத்துப்போகிற மனைவி கிடைப்பது பெரிய கொடுப்பினை என்று நண்பர்களிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன். உலகத்தில் நான் சந்தேகப்படாத ஒரே விமர்சகர் அவள்தான்.

இந்தக் கதை நடந்த வாரம் எனக்கு ஆபீசில் ஒரு தலைவலி. எங்கள் டீமை டெக்சாஸில் ஹூஸ்டனுக்கு மாற்றுகிறார்கள். கூடவே போனால் வேலை உண்டு, போகாவிட்டால் இல்லை. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். மகள் காலேஜுக்குப் போய்விட்டாள், வீட்டில் நாங்கள் இருவர்தான். மனைவியிடம் கேட்டேன். "போலாமே, நல்லாதான் இருக்கும்" என்றாள். பக்கத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு டேகேரில் வேலை பார்க்கிறாள், அதைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. சரி, அவள் தயார், இனி நான்தான் யோசிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

யோசிப்பதற்கு எனக்கு ஒரே ஒரு சாட்சி இருந்தார். கோயமுத்தூர்க்காரர், எங்கள் சினிமாக் கூட்டத்துக்குத் தவறாமல் வருகிறவர். ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் சுகர் லேண்டில் பல வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். அந்த ஊரைப் பற்றிக் கேட்டால் வாயெல்லாம் சிரிப்பு. வீடு அரண்மனை மாதிரி இருக்கும், ஜனங்கள் நல்ல மாதிரி, ஃப்ரீவே தூரம்கூடப் பழகிவிடும் என்பார். அவ்வளவு நன்றாக இருந்தால் ஏன் விட்டுவிட்டு வந்தாராம்? கேட்டால், வேலை மாற்றம் என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார். அதோடு, இந்த மனிதர் எனக்கு ஆமாம் போடுகிறவர். சினிமாப் பேச்சில் நான் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். காபியில் சர்க்கரை தூக்கல் என்றால் அதற்கும் தலையாட்டுவார். நாம் கேட்க விரும்புவதைச் சொல்கிற ஆளோ என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அப்படிப்பட்டவர் பேச்சை நம்பி வீட்டை விற்றுவிட்டுக் கிளம்ப முடியுமா?

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் எங்கள் வீட்டில். மற்றவர்கள் ஏதோ ஒரு குழந்தையின் பிறந்தநாளுக்குப் போய்விட்டார்கள், இவர் மட்டும் வந்தார். படம் நான் தேர்ந்தெடுத்தது. கணவன் வேறு ஊரில் வேறு வாழ்க்கை நடத்த, மனைவி வாய் திறக்காமல் காத்திருந்து, கடைசியில் அவன் திரும்பி வந்ததும் கதவைத் திறக்கிற கறுப்பு வெள்ளைப் படம். ரீமேக்கில் அவள் கதவைத் திறப்பதில்லை. அது ஒன்றே போதாதா அதைக் குப்பையில் போட? நான் அப்படிச் சொன்னதும் அவர் வழக்கம்போலத் தலையாட்டினார். அப்போதுதான் அவரைச் சோதித்துப் பார்க்க எனக்கு ஒரு வழி தோன்றியது.

பழைய படத்தில் ரயிலடிக் காட்சியை யாராலும் மறக்க முடியாது என்று எடுத்துவிட்டேன். கணவனுக்கு இட்லி கட்டிக்கொண்டு ஓடி வருகிறாள், அதற்குள் ரயில் போய்விடுகிறது, பிளாட்பாரத்தில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்து அவளே சாப்பிடுகிறாள். அடடா, என்ன கட்டம் என்றேன். அப்படி ஒரு காட்சி அந்தப் படத்தில் கிடையாது. சொல்லும்போதே உருவாக்கியது. இவர் ஆமாம் என்றால், சுகர் லேண்டைப் பற்றிச் சொன்னதையும் அந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

அவர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"அப்படி ஒரு சீன் இல்லைங்களே. நேத்துதான் முழுசாப் பார்த்தேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனிதர் படத்தைப் பார்த்திருக்கிறார், இல்லாததை இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். இவரையா இத்தனை நாள் சந்தேகப்பட்டோம் என்று வாயைத் திறப்பதற்குள், முறுக்குத் தட்டோடு வந்த என் மனைவி முந்திக்கொண்டாள்.

"என்ன இப்படிச் சொல்றீங்க? அந்த சீன்லதான் நான் எப்பவும் அழுவேன். கடைசி இட்லிய அங்க இருக்கற போர்ட்டருக்குக் குடுப்பா பாருங்க, அங்க தாங்கவே முடியாது."

எந்த போர்ட்டர்? நான் அவளைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒரு சலனம் இல்லை. கோயமுத்தூர்க்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அப்படியானால் தான்தான் கண்ணயர்ந்துவிட்டிருக்க வேண்டும் என்று பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார். அதன் பிறகு அவர் என்ன பேசினார் என்பது என் காதில் ஏறவில்லை.

அவர் போனதும் சமையலறைக்குப் போனேன். அவள் டிஷ்வாஷரில் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்த ரயில் காட்சி நானாகக் கட்டியது, படத்திலேயே இல்லை என்றேன். திடுக்கிடுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"தெரியும். அந்தப் படத்துல ரயிலே வராது" என்றாள்.

தெரிந்தே ஏன் சொன்னாள் என்று கேட்டேன். வந்தவர் முன்னால் நான் தப்பாகச் சொன்ன மாதிரி ஆகிவிடக் கூடாது என்றுதான் சொன்னாளாம். நான் சொல்வதற்கு ஆமாம் என்றால் பேச்சு அதோடு முடிந்துவிடுமாம், இல்லை என்றால் நான் ஒரு மணி நேரம் விளக்குவேனாம். ஏதோ பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். இத்தனை வருடமாக ஒரே ரசனை என்று நான் பீற்றிக்கொண்டதெல்லாம் எந்தக் கணக்கில் சேரும்? அது கிடக்கட்டும். 'போலாமே, நல்லாதான் இருக்கும்' என்றாளே, அது?

"டெக்சாஸ் போறதுக்கு உனக்கு இஷ்டமா?"

"நீங்க என்ன நினைக்கறீங்க?"

"நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லு."

டிஷ்வாஷர் கதவை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து மேஜைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்தாள்.

"எனக்கு வர இஷ்டமில்ல. இந்த ஊர்லதான் எனக்குன்னு ஒரு வேலை இருக்கு. காலைல நான் உள்ள போனா அந்தக் குழந்தைங்க ஓடி வந்து காலக் கட்டிக்கும். அதை விட்டுட்டு எங்கயும் வர முடியாது."

கேட்டதும் நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் சந்தேகம் என்னை விடுகிறதா? அந்த வாரம் முழுக்க ஹூஸ்டன் வெயிலைப் பற்றி நான் புலம்பிக்கொண்டிருந்தேன். எனக்கே போக மனமில்லை என்பது அவளுக்குத் தெரியாதா என்ன. என் மனசை மோப்பம் பிடித்துக்கொண்டு, அதற்குத் தோதாக இதையும் சொல்கிறாளோ? இட்லிக்கு போர்ட்டர் மாதிரி, இதற்குக் குழந்தைகளோ?

"நம்பலையா?" என்றாள்.

"நம்பறேன்."

"இல்ல, நீங்க நம்பல." கொஞ்சம் யோசித்தாள். "இன்னொண்ணு சொல்றேன். உங்க பழைய படம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. கல்யாணமான புதுசுல பார்த்தப்பவே பிடிக்கல. படம் முழுக்க அவ அவன் மூஞ்சியப் பார்த்துப் பார்த்தே நடந்துக்குவா. பார்க்கப் பார்க்க எரிச்சலா வரும். ரீமேக்க நீங்க தூங்கினப்புறம் ரெண்டு தடவ பார்த்தேன். அவ கதவத் திறக்காம இருந்தா பாருங்க, கை தட்டினேன்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அந்தப் படத்தின் அருமை தெரியாமல் பேசுகிறாளே என்று, அவளுக்கு விளக்க வாயைத் திறந்தேன். அவள் பார்வையைத் தாழ்த்திக்கொள்ளவில்லை, சொன்னதை மாற்றிக்கொள்ளவும் இல்லை. விளக்கினால் விளக்கு என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். அந்தக் கோபம் அடங்குவதற்கு முன்பே, டெக்சாஸ் வேண்டாம் என்று அவள் சொன்னதை நான் முழுசாக நம்பிவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில், நான் வரவில்லை என்று ஆபீசில் சொல்லிவிட்டேன்.