பத்தில் ஒரு பூஜ்யம்

முட்டை லாரி நின்றதும் செங்கோடன் முதலில் கம்பைத்தான் ஏற்றுவார். கோலூன்றித் தாண்டுகிற கம்பு; பதினைந்தடி. எந்தப் பேருந்திலும் நுழையாது; போட்டிக்குப் போக முட்டை லாரிதான். சரக்கின் மேல் அதைக் கட்டிவிட்டு ஓட்டுநர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, "பாத்து ஓட்டுங்க. முட்டை ஒடஞ்சா கோழி வேற போடுமுங்க. கம்பு இது ஒண்ணுதான்" என்பார்.

திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆள். வயது முப்பத்து நான்கு. ஓட்டம், தாண்டல், எறிதல் என்று பத்துப் போட்டிகளை இரண்டே நாளில் முடிக்கிற டெகாத்லான் வீரர். கல்யாணப் பந்தியில் யாராவது, "பத்துல நீங்க எதுல கெட்டி?" என்று கேட்டால் இலையிலிருந்து தலை நிமிராது.

"ஒண்ணுல கெட்டியா இருந்தா மத்த ஒம்பதுக்கு எதுக்குங்க போறேன்?"

வேலை, விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்தது. சேலம் அஸ்தம்பட்டியில் அலுவலகம். மதியத்துக்கு மேல் பயிற்சிக்கு விட்டுவிடுவார்கள். இந்த ஆண்டு மாநிலப் போட்டியில் பதக்கம் இல்லையென்றால் அந்தச் சலுகை போய்விடும், சாயங்காலம்வரை கோப்புதான். மேலாளர் தீனதயாளன் போட்டிக்கு முந்தின வாரமே சுழல் நாற்காலி ஒன்றை வரவழைத்துவிட்டார். "உங்களுக்குத்தான் சாமி. உக்காந்து பழகுங்க."

போட்டி சேலத்தில். இரண்டாம் நாள் மதியம்வரை செங்கோடன் மூன்றாவது இடம். அடுத்தது கோலூன்றல். மற்றவர்கள் தாழ்ந்த உயரத்தை ஒருமுறை தாண்டி மதிப்பெண்ணைப் பத்திரப்படுத்திக்கொண்டார்கள். இவர் துண்டை விரித்து நிழலில் படுத்திருந்தார்.

"ஏத்துனதுக்கப்புறம் எழுப்புங்க. இந்த ஒசரத்த எங்கூட்டு ஆடே தாண்டும்."

ஏற்றிய பிறகு எழுப்பினார்கள். மூன்று வாய்ப்பிலும் குறுக்குக்கம்பியைக் கூட்டிக்கொண்டே விழுந்தார். பூஜ்யம். பதக்கம் போயிற்று.

மனைவி யுவஸ்ரீ கைப்பேசியில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "அப்ப ஆட்டையே அனுப்பியிருக்கலாமுங்க. போதும், ஊட்டுக்கு வாங்க."

"இன்னும் ரெண்டு இருக்குது. முடிச்சுட்டு வாரேன்."

"முடிச்சா மட்டும் என்ன தரப் போறாங்க?"

"ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டு ஈட்டி எறியப் போனார்.

கடைசிப் போட்டி ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஓட்டம். ஜெயித்தவர்கள் தோள்மேல் கைபோட்டுப் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது செங்கோடன் கடைசிச் சுற்றில் தனியாக வந்துகொண்டிருந்தார். எல்லாரும் வந்தாயிற்று என்று நினைத்து, நேரம் குறிப்பவர் டீ குடிக்கப் போயிருந்தார். எல்லைக்கோட்டில் ஆளில்லை. செங்கோடன் அங்கே நிற்கவில்லை. இரைக்க இரைக்க டீ மேசைவரை ஓடிப்போய், அவர் கழுத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருந்த ஸ்டாப் வாட்சைப் பிடித்துத் தானே அழுத்தினார்.